அநாதைச் சொல்

எங்கள் மருத்துவ வாரியத்தில் யாரும் எதையும் படிப்பதில்லை என்று கண்டுபிடித்ததற்காக ஒருவருக்குப் பதவி உயர்வு கொடுத்தார்கள். அதைக் கண்டுபிடிக்க அவருக்கு இரண்டு வருஷம் ஆயிற்று. கண்டுபிடித்ததை முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கத்தில் எழுதிக் கொடுத்தார். அதையும் யாரும் படிக்கவில்லை. ஆகவே அவர் சொன்னது நிரூபணமாயிற்று.

நான் அந்த வாரியத்தின் பெரிய ஆஸ்பத்திரியில் தலைமை மருந்தாளுநர். தலைமை என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ளாதீர்கள். எனக்குக் கீழே யாரும் கிடையாது, தரைதான் உண்டு. மருந்தகம் கட்டடத்தின் அடித்தளத்தில் இருக்கிறது. ஒன்பது இரும்பு அலமாரி, முனகிக்கொண்டே குளிரும் ஒரு பெட்டி, கை மட்டும் நுழைகிற அளவுக்கு ஒரு ஜன்னல். இருபத்தாறு வருஷமாக அந்த ஜன்னல் வழியாக நான் பார்த்தது ஜனங்களின் கைகளைத்தான். அவர்கள் என்னை ‘மாத்திரை சார்’ என்பார்கள்.

பதவி உயர்வு பெற்றவரைக் காட்சி அதிகாரி என்று அழைக்க உத்தரவு வந்தது. ஜனங்கள் படிக்க மாட்டார்கள், ஆகவே எழுதியதையெல்லாம் படமாக்கிக் காட்டுவது என்று முடிவாயிற்று. படம் என்றால் நடிகர், நடிகை, சண்டை எதுவும் இல்லை. திரையில் ஒரு ஸ்லைடு வரும். அதில் ஒரு புகைப்படம், கீழே ஐந்து சொல். பின்னால் ஒரு அம்மாள் அதைப் படிப்பாள். அடியில் புல்லாங்குழல் மாதிரி ஏதோ ஒன்று ஊதும். பிறகு அடுத்த ஸ்லைடு. இதற்குக் ‘காட்சியாக்கப் பிரிவு’ என்று பெயர் வைத்து, நூலகத்தைக் காலி செய்து அங்கே குடியேற்றினார்கள். புத்தக அலமாரிகளைச் சுவர் பக்கமாகத் திருப்பிப் போட்டு, அவற்றின் முதுகில் பச்சைத் துணி கட்டினார்கள்.

ஆரம்பத்தில் டாக்டர்கள் எழுதிய கட்டுரைகளை மட்டும் படமாக்கினார்கள். கை கழுவுவது எப்படி, இருமும்போது வாயை மூடுவது எப்படி. அதோடு நிறுத்தியிருந்தால் ஒன்றும் குடி முழுகியிருக்காது. ஆனால் வேலை இருக்கிறது என்று காட்டுவதற்கு வேலை வேண்டுமே! ஒரு ஆயா காய்ச்சலுக்கு லீவு எழுதிக் கொடுத்தாள். அதைப் படமாக்கி மேலே அனுப்பினார்கள். சூரியோதயத்தோடு அது அழகாக வந்திருந்ததாகப் பாராட்டுக் குறிப்பு வந்தது, அதற்குள் அவள் காய்ச்சல் விட்டு வேலைக்கு வந்துவிட்டாள். ‘லிஃப்ட் பழுது’ என்று கதவில் தொங்கிய அட்டையையும் விடவில்லை. அதைப் படமாக்கி, லிஃப்டுக்கு உள்ளே இருந்த திரையில் ஓடவிட்டார்கள்.

கடைசியாகக் காகிதத்தின் மேல் கை வைத்தார்கள். மாத்திரைப் பொட்டலத்துக்குள் ஒரு துண்டுச் சீட்டு வைப்போம், எப்போது போடுவது, எத்தனை போடுவது என்று. இனி அந்தச் சீட்டு கூடாது, சொல்ல வேண்டியதைக் காட்சியாக்கப் பிரிவு சொல்லிக்கொள்ளும் என்று உத்தரவு. பொட்டலத்தின் மேல் ‘மருத்துவர் சொன்னபடி’ என்று மட்டும் அச்சடித்திருக்கும். அப்போது எனக்கு எரிச்சல்தான் வந்தது. பயம் வரவில்லை.

பயம் வெள்ளை மாத்திரையோடு வந்தது.

இதயத் துடிப்பைக் கட்டுக்குள் வைக்கிற மாத்திரை அது. எங்கள் பதிவேட்டில் நானூற்றுப் பன்னிரண்டு பேர் அதைச் சாப்பிடுகிறார்கள். பெரும்பாலும் வயசானவர்கள். மாதாமாதம் பொட்டலம் வீட்டுக்கே போய்விடும். நான் அவர்கள் முகத்தைப் பார்ப்பது வருஷத்துக்கு ஒரு தடவை இருந்தால் அதிகம். எல்லாருக்கும் காலையில் இரண்டு மாத்திரை. பல வருஷப் பழக்கம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இரண்டு என்பார்கள். திடீரென்று பழைய சரக்கு நின்றுபோய்ப் புதிய சரக்கு வந்தது. அதே வெள்ளை, அதே வட்டம், அதே அளவு. வீரியம் மட்டும் இரண்டு மடங்கு. அதாவது இனி ஒன்று போதும். பழையபடி இரண்டு போட்டால் நாலைந்து நாளில் இதயம் தூங்க ஆரம்பித்துவிடும்.

அந்த நானூற்றுப் பன்னிரண்டில் என் அத்தானும் ஒருவர், என் அக்காவின் வீட்டுக்காரர். நாற்பது வருஷம் அச்சுக்கூடத்தில் பிழை திருத்தியவர். காதில் சிவப்புப் பென்சிலோடுதான் கல்யாணத்துக்கே வந்தார் என்று அக்கா கேலி செய்வாள். ஊரில் ஒரு பெயர்ப்பலகையை அவரால் சும்மா தாண்டிப் போக முடியாது. இப்போது இரண்டு கண்ணிலும் திரை விழுந்து, எழுத்து தெரியவில்லை. எதையும் காதால் கேட்டுத்தான் ஆக வேண்டும். அந்த வருத்தத்தை மட்டும் அவர் யாரிடமும் சொன்னதில்லை.

சரக்கு வந்த அன்றே அவருக்குப் போன் செய்தேன்.

“அத்தான், அடுத்த பொட்டலத்துல மாத்திரை மாறுது. காலையில ஒன்னு மட்டும் போடுங்க. ரெண்டு போட்டுராதீங்க.”

“எழுத்துல குடுப்பாங்க இல்ல மாப்ளே?”

“குடுப்பாங்க. நான்தான் எழுதப்போறேன்.”

“அப்ப சரி. வாயால சொல்றது காத்தோட போயிரும்டா. எழுத்துல வரட்டும்.”

சொல்லியாயிற்று என்று இருந்துவிட்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

மற்ற நானூற்றுப் பதினோரு பேருக்காக ஒரு பக்கம் எழுதி எடுத்துக்கொண்டு காட்சியாக்கப் பிரிவுக்குப் போனேன். அங்கே காட்சி அதிகாரியோடு மூன்று பேர் இருந்தார்கள். ஒருவர் வெட்டுநர். முன்பு கட்டுத்துணி வெட்டும் பிரிவில் இருந்தவர். வெட்டிப் பழக்கம் உண்டு என்பதால் வாக்கியம் வெட்ட மாற்றியிருந்தார்கள். இன்னொருவர் இலக்கணம் பார்ப்பவர். மூன்றாவது, குரலம்மா. இருபது வருஷம் வாசலில் டோக்கன் நம்பர் கூப்பிட்டவர்.

காட்சி அதிகாரி என் தாளைக் கையில் வாங்கி எடை பார்ப்பதுபோல் பார்த்தார்.

“எவ்வளவு சார் இது?”

“ஒரு பக்கம்தான்.”

“ஒரு பக்கமா? ஜனங்க மேல உங்களுக்கு என்ன சார் கோவம்? நாலு வரியாச் சுருக்குங்க.”

நின்றபடியே சுருக்கினேன். இதுதான் நான் கொடுத்தது, ஒரு எழுத்து கூடக் குறைய இல்லை:

‘புதிய வெள்ளை மாத்திரைக்கு இரட்டிப்பு வீரியம். எனவே இனிமேல் ஒரு மாத்திரை மட்டும் போடவும். பழையபடி காலையில் இரண்டு மாத்திரை போட வேண்டாம். சந்தேகம் இருந்தால் மருந்தகத்தில் என்னிடம் கேட்கவும்.’

“படிச்சுப் பாருங்க சார். சரியா இருக்கான்னு சொல்லுங்க.”

“நான் படிக்கிறதில்ல” என்றார் அவர், ஒரு நல்ல பழக்கத்தைச் சொல்வதுபோல. “படிச்சா விஷயம் தெரிஞ்சுரும். விஷயம் தெரிஞ்சவன் பாக்கறவன் இடத்துல நின்னு யோசிக்க முடியுமா? முடியாது. அதான்.”

பிறகு எனக்கு முறையை விளக்கினார். ஒரு படத்துக்கு ஏழு ஸ்லைடு. ஒரு ஸ்லைடுக்கு ஐந்து சொல். ஆறாவது சொல் வந்தால் அது அடுத்த ஸ்லைடுக்குத் தள்ளப்படும்.

“அங்க போயி அது மட்டும் ஒத்தையா நின்னுதுன்னா அதுக்குப் பேரு அநாதைச் சொல்.”

“நின்னா என்ன பண்ணுவீங்க?”

“எடுத்துருவோம். அவ்வளவு பெரிய திரையில ஒத்தச் சொல்லு நின்னா பாக்கறவங்களுக்கு மனசு கஷ்டமாயிரும் சார்.”

“நேத்து மட்டும் பதினெட்டு அநாதை எடுத்தேன்” என்றார் வெட்டுநர். அவர் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு.

நான் சிரித்துவிட்டேன். கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பவனுக்கு மதி வேண்டாமா? பள்ளிக்கூடத்துப் பிள்ளைகூட அந்த இடத்திலேயே விரல் விட்டு எண்ணிப் பார்த்திருக்கும். நான் எண்ணவில்லை.

“மாத்திரையோட படம் போடுவீங்கதானே? பழசும் புதுசும் ஒரே மாதிரி இருக்கறது தெரியணும்.”

“மாத்திரையைக் காட்டினா வியாதி ஞாபகம் வந்துரும். எங்ககிட்ட ஒரு சிரிக்கிற குடும்பம் இருக்கு. அப்பா, அம்மா, ரெண்டு பிள்ளைங்க, ஒரு நாய். மூலத்துக்கும் அவங்கதான், காசநோய்க்கும் அவங்கதான். ஜனங்களுக்குப் பழகிப்போச்சு.”

“முடிச்சதும் எனக்கு ஒரு தடவை காட்டுங்க சார்.”

“எழுதினவங்களுக்குக் காட்டற வழக்கம் இல்ல. காட்டினா திருத்தம் சொல்றாங்க.”

புதன்கிழமை பொட்டலங்கள் போயின. வியாழக்கிழமை எல்லா நோயாளிகளுக்கும் போனில் படம் போயிற்று. எனக்குப் போகவில்லை, நான் நோயாளி இல்லையே. கேட்டதற்கு, திங்கட்கிழமை வெளியீட்டு விழா, மேடையிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். அது காட்சியாக்கப் பிரிவின் நூறாவது படமாம். ஆகவே கட்டுரையாளருக்கு ஒரு கேடயம் உண்டாம்.

அனுப்பியாயிற்று, அப்புறம் என்ன வெளியீடு என்று கேட்க வாய் வந்தது. கேடயம் என்ற சொல் அந்த வாயை அடைத்தது. பொய் சொல்வானேன், இருபத்தாறு வருஷத்தில் என்னை யாரும் மேடைக்குக் கூப்பிட்டதில்லை.

திங்கட்கிழமை காலை பெரிய கூடத்தில் நாற்காலி போட்டிருந்தார்கள். நடக்க முடிந்த நோயாளிகளையெல்லாம் கூட்டி வந்து உட்கார வைத்திருந்தார்கள். நான் சலவைச் சட்டை போட்டு மேடையின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். வாரியத்தின் இயக்குநர் பேசினார்.

“நானும் ஒரு காலத்துல படிச்சவன்தான். ஒத்துக்கறேன். அப்ப என் மேசையில கோப்பு மலை மாதிரி கிடக்கும். ஒவ்வொன்னையும் படிச்சு, இது ஏன், அது ஏன்னு கேள்வி கேட்டு, எவ்வளவு நேரம் வீண்! இப்ப எல்லாக் கோப்பும் எனக்குப் படமா வருது. ஏழாவது ஸ்லைடுல கையெழுத்து போடற இடம் வருது. போடறேன். மனசு லேசா இருக்கு.” கைதட்டினார்கள். “ஒரு உண்மையைச் சொல்றேன், கேட்டுக்குங்க. படிக்கிறவன் சந்தேகப்படறான். பாக்கறவன் நம்பறான். ஒரு ஆஸ்பத்திரிக்கு எது முக்கியம்? நம்பிக்கை!”

விளக்கை அணைத்தார்கள். திரையில் முதல் ஸ்லைடு வந்தது. இயக்குநரின் படம், வணக்கம் சொல்லிக்கொண்டு. என் முதல் வாக்கியம் அந்தப் படத்துக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு, ஓரத்தில் ஒரு சுழி மட்டும் வெளியே தெரிந்தது. இரண்டாவது, துணை இயக்குநரின் படம். இயக்குநருக்கு மட்டும் எப்படி என்று அவர் கேட்டாராம், அதனால் வைத்தார்களாம். ‘ஒரு மாத்திரை மட்டும்’ அவருடைய தோளுக்குப் பின்னால் போய்விட்டது. திரையில் தெரியாததைக் குரலம்மாவுக்கும் எழுதிக் கொடுக்கவில்லை போலும், அவரும் படிக்கவில்லை. மூன்றாவது, வாரியத்தின் முத்திரை. நாலாவதில் சிரிக்கிற குடும்பம் நாயோடு வந்தது. குழல் ஊதிற்று. குரலம்மா கணீரென்று படித்தார்:

“பழையபடி காலையில் இரண்டு மாத்திரை போடவும்.”

எனக்கு முதலில் காதில்தான் கோளாறு என்று தோன்றியது. எழுத்தைப் பார்த்தேன். எழுத்தும் அதுதான். ஐந்தாவது ஸ்லைடில், சந்தேகம் இருந்தால் மருந்தகத்தில் என்னிடம் கேட்கவும். ஆறாவது, நன்றி. ஏழாவதில் கொட்டை எழுத்தில், ‘கட்டுரை: தலைமை மருந்தாளுநர்.’

நாற்காலி விழுந்தது தெரியாமல் எழுந்து நின்று கத்தினேன்.

“வேண்டாம்! ஐயோ, வேண்டாம்! வேண்டாம்!”

இயக்குநர் கேடயத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்னைக் கனிவோடு பார்த்தார். பிறகு ஒலிபெருக்கியில் சொன்னார்: “பாருங்க, கேடயம் வேண்டாங்கறார். எவ்வளவு அடக்கம்!”

கூடம் முழுக்கக் கைதட்டியது. முன்வரிசையில் ஒரு கிழவர் எழுந்து நின்றே தட்டினார். அவருக்கும் வெள்ளை மாத்திரைதான் என்று எனக்குத் தெரியும். கேடயத்தைக் கையில் திணித்தார்கள். அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கைதட்டல் ஓயும் முன்பே அக்காவுக்குப் போன் போட்டேன்.

“நானே கூப்பிடணும்னு இருந்தேன் தம்பி” என்றாள் அக்கா. மூச்சு வாங்கியது. “காலையில பல்லு விளக்கப் போனவரு அங்கேயே உக்காந்துட்டாருடா. கூப்பிட்டா ம்ங்கறாரு. கையைப் பிடிச்சுப் பாத்தா நாடி விட்டு விட்டு அடிக்குது. பக்கத்து வீட்டுக்காரர் வண்டியில உங்க ஆஸ்பத்திரிக்குத்தான் வந்துக்கிட்டிருக்கோம்.”

“எத்தனை மாத்திரை போட்டாரு?”

“ரெண்டுதான். நாலு நாளா ரெண்டு. நீ படத்துல சொன்னபடிதான்டா.”

மூன்றாவது மாடி, இதய வார்டு. மார்பில் வயர் ஒட்டிப் படுக்க வைத்திருந்தார்கள். எதிர்ச் சுவரில் ஒரு திரை. அதில் கால் மணிக்கு ஒரு தடவை அந்தக் குடும்பம் சிரித்தது. நர்ஸிடம் அணைக்கச் சொன்னேன். அணைக்க ஸ்விட்ச் கிடையாது, மேலிடத்தில்தான் இருக்கிறது என்றாள். துண்டை எடுத்து மேலே போட்டு மூடினேன். குரல் மட்டும் துண்டுக்குள்ளிருந்து வந்துகொண்டே இருந்தது.

சாயங்காலம் அத்தான் கண்ணைத் திறந்தார். எனக்குத் தாங்கவில்லை. இந்த நிலைமையில் கேட்கக் கூடாதுதான், கேட்டுவிட்டேன்.

“ஒன்னுன்னு சொன்னேனே அத்தான். போன்ல அவ்வளவு சொன்னேனே.”

“சொன்னே மாப்ளே. அது முந்தி. படம் அப்புறம் வியாழக்கிழமை வந்துது. உங்க அக்காகூடக் கேட்டா, தம்பி ஒன்னுன்னுல்ல சொன்னான்னு. நான்தான் சொன்னேன், பிந்தின திருத்தம்தான் செல்லும்னு. அச்சுக்கூடத்துல அதானே விதி?”

“சந்தேகம் இருந்தாக் கேக்கச் சொல்லியிருந்துதே.”

“சந்தேகம் எங்கடா வந்துது? வாக்கியம் சுத்தமா முடிஞ்சிருந்தது. கடைசியில உன் பதவி வேற. நம்ம மாப்ளே எழுத்துல பிழை இருக்காதுன்னேன்.”

பையிலிருந்து கசங்கிய நகலை எடுத்தேன். படிக்கச் சொன்னார். படித்தேன். மூன்றாவது வாக்கியத்தில் ‘வேண்டாம்’ வந்ததும் கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார். ஊசி குத்தியிருந்த அந்தக் கையாலேயே காற்றில் ஒரு சின்னக் குறி போட்டார், ஒரு சொல் விட்டுப்போனால் இரண்டு சொல்லுக்கு நடுவே போடுவார்களே, அந்தக் குறி.

“ஒரு சொல்லு விடுபட்டிருக்கு” என்றார். “மூலம் கையில இல்லாம எவன் கண்டுபிடிப்பான் மாப்ளே? உன் எழுத்துல பிழை இல்ல. உன்னை யாராவது சொன்னா, நான் சொன்னேன்னு சொல்லு.”

கீழே போய்ப் பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, மற்றவர்களுக்கு ஒருவர் விடாமல் போன் போட்டேன். மூன்று நாள் ஆயிற்று. ஒன்னு போதும், ரெண்டு போடாதீங்க என்று சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிப்போனது. பாதிப் பேர் என்னைத் திட்டினார்கள், படத்தில் ஒன்று சொல்லிவிட்டு வாயில் ஒன்று சொல்கிறாயே என்று. ஒரு பெரியவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, “நீங்க சொல்றது புரியுது சார். ஆனா அதை ஒரு வீடியோவாப் போட்டு அனுப்பிருங்களேன்” என்றார். பதினோரு பேரை ஆஸ்பத்திரிக்கு வரவழைத்தோம். அவர்கள் பிழைத்துக்கொண்டார்கள். காட்சியாக்கப் பிரிவின் அனுமதியில்லாமல் நோயாளிகளிடம் நேரடியாகப் பேசியதற்கு எனக்கு விளக்கம் கேட்டு மெமோ வந்தது.

அத்தானுக்கு எழுபத்தொரு வயசு. அந்த இதயத்துக்கு நாலு நாள் தாங்கவில்லை. வியாழக்கிழமை பிற்பகல், பார்வையாளர் நேரத்தில், அக்கா அவர் காலைப் பிடித்துக்கொண்டிருக்கும்போதே போய்விட்டார். படம் வந்து சரியாக ஒரு வாரம்.

இரண்டு வாரம் கழித்து விசாரணை வைத்தார்கள். பச்சைத் துணி கட்டிய அதே அறை. இயக்குநர் நடுவில், துணை இயக்குநர் பக்கத்தில். ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்டார்கள்.

“நான் பொருளைப் பாக்கறதில்லீங்க” என்றார் வெட்டுநர். “எண்ணிக்கைதான் பாப்பேன். ஆறாவது சொல்லு ஒத்தையா நின்னுது. எடுத்தேன். அதை விட்டிருந்தாத்தான் தப்பு.”

“எனக்கு வந்தப்ப ‘இரண்டு மாத்திரை போட’ன்னு தொங்கிட்டிருந்தது” என்றார் இலக்கணம் பார்ப்பவர். “ஒரு வாக்கியம் அப்படிப் பாதியில நிக்கலாமா? தமிழுக்கே அவமானம். ‘போடவும்’னு முடிச்சு வச்சேன். இதுக்கு ஒரு பாராட்டு வரும்னுதான் நெனச்சேன்.”

குரலம்மா அழுதார். அவர் ஒருவர்தான் அழுதார். “எனக்கே என்னமோ போல இருந்துது. எங்க மாமியாருக்கும் அந்த மாத்திரைதான். ஆனா எழுதிக் குடுத்ததைப் படிக்கிறதுதானே என் வேலை? நான் நம்பர் கூப்பிட்டவ. பதினேழுன்னு எழுதியிருந்தா பதினேழுன்னுதான் கூப்பிடணும்.”

காட்சி அதிகாரி எழுந்தார். “முறைப்படி ஒவ்வொரு கட்டத்துலயும் எல்லாம் சரியா நடந்திருக்கு. இந்தப் படத்தை எண்பத்தெட்டு சதவீதம் பேரு கடைசி வரைக்கும் பாத்திருக்காங்க. இதுவரைக்கும் இப்படி ஒரு எண்ணிக்கை வந்ததில்ல. இன்னும் சொல்லணும்னா, பாத்தவங்க சொன்னபடி செஞ்சும் இருக்காங்க. ஒரு படத்துக்கு இதைவிட வெற்றி என்ன வேணும்?”

“அவங்க செஞ்சதுதான் சார் பிரச்சினை!” என்றேன். “எங்க அத்தான் செத்துப்போயிட்டார்!”

துணை இயக்குநர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“நாங்க அதுக்குத்தான் வர்றோம். நீங்க எதுக்கு சார் ‘வேண்டாம்’ங்கற அவ்வளவு முக்கியமான சொல்லைக் கொண்டுபோயி வாக்கியத்தோட கடைசியில வச்சீங்க?”

“தமிழ்ல அங்கதானே சார் வரும்?”

“அதான் கோளாறே” என்றார் இயக்குநர், அப்பாடா என்று சாய்ந்துகொண்டு. “கோளாறு எங்கன்னு கண்டுபிடிச்சாச்சு. குறிச்சுக்குங்க.”

குறித்துக்கொண்டார்கள். மறுவாரம் சுற்றறிக்கை வந்தது, படமாகத்தான். இனி வாரியத்துக்கு எழுதுபவர்கள் எதிர்மறைச் சொல்லை வாக்கியத்தின் முதலில் வைக்க வேண்டும். மாதிரி வாக்கியமும் கொடுத்திருந்தார்கள்: ‘வேண்டாம் போட மாத்திரை இரண்டு.’ மொழியைத் தவறான வரிசையில் பயன்படுத்தியதற்காக என்னைக் கண்டித்தும், நீண்ட கால சேவையைக் கருதி மன்னித்தும் தனியாக ஒரு ஆணை வந்தது. அநாதைச் சொல் விதியை யாரும் தொடவில்லை. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதை கேட்டிருக்கிறேன். குரங்கைப் பிடித்து வைத்துவிட்டு, பிள்ளையார் ஏன் இப்படிப் பிறந்தார் என்று விசாரணை வைத்தவர்கள் இவர்கள்தான்.

நான் ஒரு மனு எழுதினேன். இந்தச் சாவுக்கு வாரியம் வருத்தமாவது தெரிவிக்க வேண்டும், எனக்கல்ல, என் அக்காவுக்கு என்று. வேறு எதுவும் கேட்கவில்லை. எழுத்தில் ஒரு வரி வந்தால் போதும் என்று இருந்தது. அத்தானுக்கு எழுத்தில் வந்தால்தான் நிற்கும்.

ஒரு மாதம் பதில் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா வீட்டில் இருந்தேன். அவள் அத்தானின் மேசையை ஒழித்துக்கொண்டிருந்தாள். ஒரு தகர டப்பா நிறையச் சிவப்புப் பென்சில், எல்லாம் விரல் நீளத்துக்குத் தேய்ந்தவை. எதையும் தூக்கிப் போட மனசு வராமல், ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்துத் திரும்ப டப்பாவுக்குள்ளேயே போட்டுக்கொண்டிருந்தாள். அப்போது அவள் போன் மணியடித்தது.

“வாரியத்துலேருந்து ஏதோ வந்திருக்குடா. நீ கேட்டியே, அதுவா?”

இரண்டு பேரும் சேர்ந்து பார்த்தோம். இயக்குநர் வணக்கம் சொன்னார். துணை இயக்குநர் வணக்கம் சொன்னார். முத்திரை வந்தது. நாலாவது ஸ்லைடில் அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள், நாய். குழல் ஊதிற்று. குரலம்மாவின் குரல் இந்தத் தடவை கொஞ்சம் நடுங்கியது.

“தங்கள் கணவரின் மறைவுக்கு வருந்தாமல் இருக்கவும்.”

நன்றி என்று ஒரு ஸ்லைடு வந்து முடிந்துவிட்டது. அக்கா கையிலிருந்து போனை வாங்கி இன்னொரு தடவை ஓடவிட்டேன். நாலாவது ஸ்லைடில் நிறுத்தி, இந்தத் தடவை விரல் விட்டு எண்ணினேன். தங்கள், கணவரின், மறைவுக்கு, வருந்தாமல், இருக்க. ஐந்து. ஆறாவதாக யாரோ, சுற்றறிக்கையையும் மீறி, ஒரு நல்ல சொல் எழுதியிருக்கிறார்கள். அது ஒத்தையாக நின்றிருக்கிறது.

“என்னடா சொல்றாங்க?” என்றாள் அக்கா. “எனக்குச் சரியா விளங்கல.”

என்னவென்று சொல்ல? சொன்னால் வெட்கக்கேடு.

“வருந்தாம இருக்கச் சொல்றாங்கக்கா.”

அக்கா அந்தச் சிரிக்கிற குடும்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாய்கூடச் சிரிப்பதுபோல்தான் இருந்தது. ஒரு பென்சிலைக் கையில் வைத்து உருட்டினாள். அவள் உதடு கோணிற்று.

“முடியலடா தம்பி” என்றாள்.

ஆறாவது சொல் அதுதான்.